வெயிலில் விட்ட சிவப்பு

மறுபடியும் கை தார்ப்பாயின் ஓரத்துக்குப் போய்விட்டதைத் துளசிமணி பார்த்தாள். பார்த்ததும் அடுத்த வீட்டுச் சட்டியில் கைவிட்டவளைப் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இந்தக் கையை என்னதான் செய்வது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து குழந்தைசாமி அண்ணனின் சாயப்பட்டறையில் வேலை செய்கிற கை. வெயில் உச்சிக்கு ஏறினால் நிறமுள்ள எதையும் இழுத்து மூடு என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பால் பொங்கினால் அடுப்பை அணைக்கிற மாதிரி அது பாட்டுக்குச் செய்யும். சாயத்தில் முக்கிப் பிழிந்த நூலை நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஒரு மத்தியானம் வெயிலில் மறந்துவிட்டால் போதும், மேல்நூல் வெளிறி, அடிநூல் அப்படியே நின்று, நெய்து வருகிற போர்வை தேமல் விழுந்த முதுகு மாதிரி இருக்கும். சாயக்காரிக்கு வெயில் என்பது நாத்தனார் மாதிரி. வந்தால் காப்பி கொடுக்கலாம், பீரோச் சாவியைக் கொடுக்கக் கூடாது. அப்படிப் பழகின கைக்கு எதிரே ஒரு தொட்டி நிறையச் செக்கச்செவேலென்று கழிவுத் தண்ணீரை நிறுத்தி, வெயிலில் திறந்துபோட்டுவிட்டுச் சும்மா இரு என்றால் அது எப்படி இருக்கும். முந்தானை நுனியைக் கையில் சுற்றி முடிச்சுப் போடாத குறையாக இறுக்கிக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் அக்கா, செய்யாம இருக்கணும், அதுதான் உங்க வேலை" என்று ரெஜினா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ரெஜினா காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிற பெண், நாகர்கோயில் பக்கம். வெயிலில் வந்து வந்து அவள் மூக்கு மட்டும் கறுத்திருக்கும். அவள் கொண்டுவந்து சாய்வாக நிறுத்தியிருந்த கண்ணாடித் தகடுகள் தொட்டிக்கு மேலே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் கடலைமாவு நிறத்தில் ஒரு பொடியைப் பூசிச் சூளையில் சுட்டு ஒட்டியிருந்தது. சின்ன மோட்டார் ஒன்று தொட்டித் தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுபோய் விடும், அது தகடுகளின் மேல் மெல்லிசாக வழிந்து திரும்பத் தொட்டிக்கே வரும், திரும்ப மேலே போகும். வழிகிறபோது வெயில் படும். வெயில் பட்டால் பொடி சாயத்தை உடைக்கும். அவ்வளவுதான் சங்கதி. முன்னே இந்த மாதிரிப் பொடிகளுக்குத் தனியாக ஒரு லைட்டுப் போட வேண்டுமாம், கரண்ட்டுக்கு எங்கே போவது. இது கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்திலேயே வேலை செய்கிற பொடி. மேகத்துக்குள்ளிருந்து வருகிற வெளிச்சத்திலும் செய்யும், கொஞ்சம் சோம்பலாக.

சோம்பல் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பொடிக்குக்கூடச் சோம்பல் உண்டா, ஆடி மாசத்து மேகம் போட்டால் யாருக்குத்தான் இல்லை. மேற்கே பார்த்தாள். காற்று தென்னைகளைத் தலைமுடியைப் பிடித்து உலுக்குகிற மாதிரி உலுக்கிக்கொண்டிருந்தது. மேகங்கள் ஆட்டு மந்தை மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன, வெயிலை மறைத்தன, விட்டன, மறுபடி மறைத்தன. ஒவ்வொரு தடவை நிழல் தொட்டிமேல் விழும்போதும் அவள் அண்ணாந்து பார்த்தாள். இன்றைக்கு ஒரு பொழுதுதான். குழந்தைசாமி அண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டார், "இன்னிக்கு ஆகலீன்னா அந்தக் கண்ணாடியெல்லாம் எடுத்துட்டுப் போயிரச் சொல்லு அம்மிணி, நான் பட்டறையப் பூட்டிட்டு மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டப் போறேன்." இனி ஒரு சொட்டுச் சாயம் ஓடையில் கலந்தால் சீல் வைத்துவிடுவோம் என்று அதிகாரிகள் வந்து சொன்ன நாளிலிருந்து அவர் எல்லோரிடமும் பேசுகிற பேச்சே இப்படித்தான். பட்டறை பூட்டினால் அவருக்கு மஞ்சக் காடு உண்டு. துளசிமணிக்கும் கூட வேலை செய்கிற சரசக்காவுக்கும் என்ன உண்டு, காலையில் வேன் ஏறித் திருப்பூர் போய்ப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிவிட்டு இருட்டின பின் வந்து இறங்க வேண்டும், பாப்பாவை யார் பார்ப்பது. போன தடவை இதே மாதிரி வைத்த தண்ணீர் பொழுதுக்கும் சிவப்பாகவே கிடந்ததே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. ரெஜினா பாட்டிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள், முகம் சுண்டிப் போனது. குழந்தைசாமி அண்ணன் "காலேஜுப் பொடி கடலைமாவேதான், பஜ்ஜிக்கு ஆகும்" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, மத்தியானம் எல்லோரும் சோத்துக்குப் போனபோது சரசக்கா தார்ப்பாயை இழுத்து நன்றாக மூடி நாலு மூலைக்கும் கல்லும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், சோறு தின்று கை கழுவி வந்ததும் எடுத்து மடித்தும் வைத்துவிட்டாள், அவளுக்கு மூடினதும் ஞாபகமில்லை எடுத்ததும் ஞாபகமில்லை, மடிப்பில் ஈரம் இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தது. "ஏம்புள்ள, கலருத் தண்ணிய வெயில்ல விட்டுட்டா சாப்புடப் போவாங்க" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேட்டதிலும் தப்பில்லை. அதனால்தான் இன்றைக்குத் துளசிமணி சோத்துக்கும் போகாமல் தொட்டியருகிலேயே சாப்பாட்டுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் தின்றாள், இன்னொரு கையை முந்தானையில் கட்டி வைத்தாள்.

மூடுவது என்ன லேசான பழக்கமா. பாப்பாவை மூடினாளே. நூல் அடுக்குகிற நிழலில் கட்டியிருந்த தூளியைக் காலால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பத் தொட்டியைப் பார்த்தாள். உள்ளே கனிஷ்கா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், நாலு வார்த்தை சேர்த்துப் பேசுகிற வயசு வந்தும் தூளி கேட்கிற கழுதை. பிறந்த மூன்றாம் நாள் இவள் மஞ்சளாகிப் போனாள். முதலில் அழகாகத்தான் இருந்தது, குழந்தை நல்ல நிறம் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள், அப்புறம் கண்ணின் வெள்ளையும் மஞ்சளானதும் டாக்டரம்மா தூக்கிக்கொண்டு போய் ஒரு கண்ணாடிப் பெட்டியில் படுக்கவைத்து மேலே நீல லைட்டைப் போட்டுவிட்டார்கள். மேலில் துணியில்லாமல், கண்ணுக்கு மட்டும் கட்டுப் போட்டு, ஏதோ குற்றம் பண்ணின மாதிரி ஒரு சின்ன உடம்பு. தையல் இழுக்க இழுக்க அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தாள். மருந்து இல்லை, ஊசி இல்லை, வெறும் லைட்டு. இது என்ன வைத்தியம், கோழிக்குஞ்சுக்குக் குண்டு பல்பு போடுகிற மாதிரி. குளிருமே என்றுதான் இருந்தது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து பூத்துண்டை எடுத்துக் கழுத்துவரைக்கும் போர்த்திவிட்டாள். போர்த்தினபின்தான் நெஞ்சு ஆறியது. நர்ஸம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை, துண்டை இரண்டு விரலால் எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு, "லைட்டு உன்ற புள்ளைக்கா வைத்தியம் பாக்குது, இல்ல இந்தத் துண்டுக்கா" என்றார். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மேலில் மஞ்சளாக நிற்கிற சாயத்தை அந்த வெளிச்சம் உடைத்து உடைத்துக் கரையவிடும், அது ஒன்றுக்கு இரண்டுக்கோடு வெளியே போய்விடும் என்று நர்ஸம்மா சொன்னது அன்றைக்குப் பாதிதான் விளங்கியது. ரெஜினா வந்து தகடுகளைக் காட்டிச் சாயத்தை வெளிச்சம் உடைக்கும் என்றபோது பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். துளசிமணி சிரிக்கவில்லை. அவளுக்கு அது கேள்விப்பட்ட சங்கதி இல்லை, கண்ட சங்கதி. தன் வயிற்றில் பிறந்ததன் மேலேயே கண்டது. ரெஜினாகூடக் கேட்டாள், "நீங்க மட்டும் எப்படி அக்கா உடனே நம்புனீங்க" என்று. என்னத்தைச் சொல்வது, சொன்னால் பெரிய கதையாகிவிடும் என்று "நீ சொன்னா செரியாத்தான இருக்கும் கண்ணு" என்று விட்டுவிட்டாள்.

ஆனால் நம்பிக்கை வேறு, பயம் வேறு, இரண்டும் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும். தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழித்தாலும் அவ்வளவு சன்னம் வராது, அப்படிப்பட்ட பொடி என்றாளே ரெஜினா, அவ்வளவு சன்னமான ஒன்று தகட்டை விட்டுத் தண்ணீரோடு போய்விட்டால் யாருக்குத் தெரியும். இட்லிமாவில் விழுந்த உப்பைப் பொறுக்க முடியுமா. அதையும் கேட்டுவிட்டாள், கேட்காமல் வைத்துக்கொள்கிற வாய் இல்லை அவளுக்கு. ரெஜினா தகட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அதுக்குத்தான் சுட்டு ஒட்டியிருக்கோம் அக்கா, ஆனாலும் போகுதான்னு நாளைக்கு எடுக்கிற பாட்டில்ல அதையும் பாக்கணும், போச்சுன்னா இந்தத் தகட வச்சு ஓட்ட மாட்டோம்" என்றாள். போகவே போகாது என்று அடித்துச் சொல்லியிருந்தால் துளசிமணிக்குப் பயம் கூடியிருக்கும். இன்னொன்றும் சொன்னாள். நிறம் போனதும் திறந்துவிட்டுவிடக் கூடாது. சாயம் ஒரே அடியில் தூளாகிவிடாது, முதலில் நிறம் உடையும், உடைந்த துண்டுகள் நிறமில்லாமல் தண்ணீரிலேயே கிடக்கும், சாயத்தைவிடத் துண்டு பொல்லாததாகக்கூட இருக்கும், அதுவும் உடைந்து ஒன்றுமில்லாமல் ஆகவேண்டும். ஆச்சா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, மிஷின்தான் சொல்லும். ஓடை நினைவுக்கு வந்தது. துளசிமணி வீட்டுக் கொல்லையைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. வந்த புதிதில் இவளும் எல்லோரோடும் சேர்ந்து அதை வைத்துச் சிரித்திருக்கிறாள், ஓடையைப் பார்த்தால் போதும், பட்டறையில் இன்றைக்கு என்ன ஆர்டர் என்று ஊருக்கே தெரிந்துவிடும். "இன்னிக்கு ஊதாங்க்கா, கேரளாவுக்குப் போற போர்வையாட்ட இருக்குது" என்பார்கள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்றால், அங்கன்வாடி டீச்சர் கனிஷ்காவிடம் படம் காட்டி வானம் என்ன கலரு, இலை என்ன கலரு என்று கேட்டுக்கொண்டே வந்து தண்ணி என்ன கலரு என்று கேட்டாராம், பாப்பா "எந்த நாளைக்கு" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். டீச்சருக்கு ஒரே சந்தோசம், புள்ள என்ன வெவரம் என்று. துளசிமணியும் ஆமாங்க என்று பல்லைக் காட்டிவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள், வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தையைச் செருப்பில் ஏறின முள்ளாக மிதித்து மிதித்து நடந்தாள். எந்த நாளைக்கு. பிடுங்கவும் வரவில்லை, நடக்கவும் விடவில்லை. அதற்கப்புறம்தான் பட்டறையில் தகடு வைத்துப் பார்க்கலாமா என்று காலேஜிலிருந்து கேட்டு வந்தபோது நான் பார்த்துக்கறேன் என்று முன்னால் போய் நின்றது.

வெயில் சாய ஆரம்பித்தபோது தண்ணீர் மாறிவிட்டிருந்தது. எப்போது மாறியது என்று அவளால் சொல்ல முடியவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தெரியாமல் மாறியிருக்கிறது, பிள்ளை வளர்கிற மாதிரி. மாதுளைச் சாறாக இருந்தது செம்பருத்தி ஊறின தண்ணீராகி, ரோசாகி, இப்போது அந்த ரோசும் இல்லை, அரிசி களைந்த தண்ணீரில் லேசாக மஞ்சள் தட்டினது போல ஒரு நிறம், நிறம் என்றுகூடச் சொல்ல முடியாது. அடியில் கிடந்த சிமெண்ட் வெடிப்பு தெரிந்தது. சரசக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு "அட, கலரையெல்லாம் உட்டுட்டுச் சாமியார் மாதிரி ஆயிருச்சே" என்றாள். பின்னாலேயே குழந்தைசாமி அண்ணனின் பைக் சத்தம். வந்தார், குனிந்தார், ஒரு கை அள்ளிப் பார்த்தார், விரல்களை விரித்து வடியவிட்டார்; அவர் முகம் இப்படி இளகி அவள் பார்த்து வெகுநாளாகிறது. "ஆயிருச்சு அம்மிணி. கடலைமாவு ஜெயிச்சிருச்சு. வால்வத் தொறந்து உடு." துளசிமணிக்கும் வாய் காதுவரைக்கும் போனது, தொட்டியைச் சுற்றிக் கும்மியடிக்கலாம் போல இருந்தது, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், "தொறக்கறதுக்கு இல்லீங்ண்ணா. நாளைக்கு ரெஜினா வந்து பாட்டில்ல புடிச்சுட்டுப் போயி மிஷின்ல வெச்சுப் பாத்துச் சொல்லோணுங்." "என்னத்தப் பாக்கறது, கண்ணுக்கு ஒண்ணுமில்லையே. இந்தத் தண்ணி ஓடையில போனா எந்த அதிகாரி வந்து என்ன கேப்பான்." "ஆரும் கேக்க மாட்டாங்கங்ண்ணா." "அப்பறம்?" அப்புறம் என்று ஒன்று இருக்கிறதே. ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டியிலேயே இரண்டு நாள் கிடந்தபிறகு பாப்பா பார்க்கப் பளிச்சென்று ஆகிவிட்டாள், மஞ்சள் துளிகூட இல்லை, மாமியார் புதுச் சட்டை வாங்கி வந்துவிட்டார், ஆட்டோவும் பேசியாகிவிட்டது. டாக்டரம்மா குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போய், இன்னும் இறங்கவில்லை, இரு என்றுவிட்டார். தோல் தெளிந்துவிட்டது, ரத்தம் தெளியவில்லை. ஆட்டோக்காரன் முனகிக்கொண்டே போனான், மாமியார் முகத்தைத் தூக்கினார், மறுபடி அவள் கையாலேயே சட்டையைக் கழற்றிப் பாப்பாவை அந்த வெளிச்சத்தில் படுக்கவைத்தாள். இதை எப்படி இந்த ஆளிடம் சொல்வது. "கலருதானுங்ண்ணா போயிருக்குது. கண்ணுக்குத் தெரியாதது உள்ள இருக்குதா இல்லையான்னு நமக்குத் தெரியாதுங்." அவர் சிரிப்பை மடித்து வைத்துவிட்டார். "நாளைக்கு வெள்ளனே சென்னிமலைக்காரரு நூலுக்குச் சிவப்பு முக்கோணும். இந்தத் தொட்டி காலியாகலீன்னா அந்தத் தண்ணிய எங்க உடறது, உன்ற ஊட்டுக் குண்டாலயா. அவுரு வேற பட்டறைக்குப் போயிட்டா அப்பறம் திரும்பி வருவாரா. போனா எனக்கா போச்சு, உங்களுக்கும்தான போச்சு." சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. சரசக்கா தலையைக் குனிந்துகொண்டு தரையில் கிடந்த நூலைக் கால்விரலால் எடுத்தாள். வேன், திருப்பூர், பிசிறு, இருட்டு என்று எல்லாம் ஒரு சுற்று வந்து நின்றன. "நான் தொறக்க மாட்டனுங்ண்ணா" என்று துளசிமணி சொன்னாள். குரல் உயரவில்லை, அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "நீ தொறக்காட்டிப் போ. நூல் கடைக்குப் போயிட்டு வந்து நானே தொறந்துக்கறேன்" என்று பைக்கை உதைத்தார்.

சரசக்கா கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். துளசிமணி மோட்டாரை நிறுத்தினாள். தகடுகளைத் துடைத்தாள். பாப்பாவைத் தூளியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்தாள், தூக்கம் கலைந்த எரிச்சலில் அது தோளைக் கடித்தது. பட்டறை வாசல்வரைக்கும் போனாள். போனவள் நின்றாள். அதிகம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. யோசனையெல்லாம் பொழுதுக்கும் செய்தாகிவிட்டது, மிச்சம் இருந்தது வேலை. திரும்பி வந்து, சாமான் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்து, ஒரு கையில் பிள்ளையோடு குத்தவைத்து உட்கார்ந்து, ஓடைப்பக்கக் குழாயின் வால்வில் இருந்த நட்டைக் கழற்றினாள். துரு ஏறின நட்டு, மாமனார் மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டுக் கடைசியில் விட்டுக்கொடுத்தது. கைப்பிடி கையோடு வந்தது. அதைப் போசிக்குள் போட்டு மூடினாள், ஸ்பேனரை இருந்த இடத்திலேயே வைத்தாள், பெட்டியைப் பூட்டாமல் விட்டாள். ஓடைக்கரைப் பாதையில் காற்று முன்னால் தள்ளியது, பின்னால் இழுத்தது. தப்புப் பண்ணிவிட்டேனா. பண்ணியிருந்தால் நாளைக்கு ஏச்சு வாங்கலாம். வேலையே போய்விட்டால். போனால் போகிறது என்று வாய் சொன்னது, வயிறு சொல்லவில்லை. வயிறு எப்போதும் அப்படித்தான், அதன் பேச்சைக் கேட்டால் எதுவும் நடக்காது. வீட்டுப் படலைத் திறக்கும்போது ஃபோன் அடித்தது. "கைப்புடி எங்க" என்றார் குழந்தைசாமி அண்ணன். "எங்கிட்டத்தானுங்ண்ணா இருக்குது. காத்தால கொண்டாந்து மாட்டித் தர்றனுங்." "என்ன தைரியம் உனக்கு. கைப்புடி இல்லீன்னா எனக்குத் தொறக்கத் தெரியாதா. கொறடு போட்டு ஒரு திருகு திருகுனா முடிஞ்சுது." "தெரியுமுங்ண்ணா. கொறடு பொட்டில மேல் தட்டுலயேதான் இருக்குது. நீங்க எடுக்க மாட்டீங்கன்னுதான் அத எடுத்துட்டு வரலீங்." அவர் ஃபோனை வைக்கவில்லை. அவர் நடக்கிற சத்தம் கேட்டது, தகரப் பெட்டியின் மூடி முனகுகிற சத்தம் கேட்டது. துளசிமணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் பாப்பாவின் வாயைப் பொத்தி, குழாயில் தண்ணீர் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும், தொண்டை கனைத்துக்கொண்டு கிளம்பும். காற்று வந்தது. எங்கேயோ மயில் அகவியது. பெட்டி மூடி டப்பென்று விழுந்தது. "சென்னிமலைக்காரருக்கு நான் என்னன்னு சொல்றது" என்றார், கோபம் முழுசாகப் போகாத குரலில். "நாளான்னிக்கு முக்கித் தர்றோம்னு சொல்லுங்ண்ணா. தண்ணி இன்னும் வேகுதுன்னு சொல்லுங்." "நாளைக்கும் மேகம் போட்டா?" "மேகத்துலயும் ஆகுமுங்ண்ணா, பைய ஆகும்." "வெள்ளனே வந்து தொலை, மோட்டாரு போடோணும்" என்று வைத்தார்.